அளவு சொல்லும் நூல்கள்

(நூல்நிலையமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதையும் கவிதையும் நாடகமும் அல்லாத நூல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் எண்ணியிருக்க, அரசியல் நூல்களைப் பற்றிப் பேசினால் சபை நிறையும் என்று இந்நூல்நிலையத்தின் காரியதரிசி அவர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். இருவர் விருப்பத்துக்கும் பங்கம் வராதபடி, ராஜ்ய பரிபாலனத்தைச் சொல்லும் நூலில் தொடங்கி, ரசம் வைக்கச் சொல்லும் நூல் வரையில், பலதிறப்பட்ட விஷய நூல்களையும் ஒரே பந்தியில் அமர்த்திப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். சமையல் நூலா என்று முன் வரிசையில் சிலர் புன்னகை செய்வது இங்கிருந்தே தெரிகிறது. அந்தப் புன்னகைக்கு நியாயம் உண்டா என்று விசாரிப்பதுதான் என் பேச்சு என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூல்நிலையங்களில் அரசியல் நூல்கள் 320 என்ற எண்ணிலும், சமையல் நூல்கள் 641 என்ற எண்ணிலும் நிற்கின்றன. நம் சீகாழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூல்நிலையத்தின் பொறுப்பை ஏற்று, 1933-இல் கோலன் பகுப்பு முறையை உலகுக்கு அளித்த ரங்கநாதன் அவர்களின் ஏற்பாட்டிலும் இவ்விரண்டும் வெவ்வேறு மனையில் குடியிருப்பவையே. புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பிரிவு அவசியம். அதைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால், அலமாரிகளுக்கு இடையே உள்ள இந்தத் தூரம் நாளடைவில் நம் மனத்திலும் ஏறி, அது மேலானது, இது கீழானது, அது படிக்கும் நூல், இது புரட்டும் நூல் என்று ஒரு ஜாதிப் பிரிவாகவே ஸ்திரப்பட்டுவிட்டதே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

விஷய நூல் என்று நான் சொல்வது எதை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒரு கதாசிரியர் தம் கதாநாயகனுக்கு ஐந்து வேலி நிலம் இருந்தது என்று எழுதினால், கிராமக் கணக்கப்பிள்ளையிடம் போய் அதைச் சரிபார்க்க நமக்கு உரிமையும் இல்லை, அவசியமும் இல்லை. ஆனால், இன்ன தாலுகாவில் இத்தனை வேலி நிலம் தரிசாய்க் கிடக்கிறது என்று ஒருவர் எழுதினாரானால், அதே கணக்கப்பிள்ளையின் அடங்கல் புத்தகம் அந்த எழுத்துக்குச் சாட்சியாகவோ எதிர்ச்சாட்சியாகவோ வந்து நின்றுவிடுகிறது. தன் சொல்லைத் தனக்கு வெளியே உள்ள ஒன்றோடு வைத்து அளந்து பார்க்க வாசகனுக்கு எந்த நூல் உரிமை கொடுக்கிறதோ, அதுவே விஷய நூல். இந்த லட்சணத்தைக் கொண்டு நோக்கும்போது, சமையல் நூலைவிடக் கடுமையான பரீட்சைக்கு ஆளாகும் நூல் வேறு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. அரசியல் நூலில் நேர்ந்த பிழை வெளிப்படுவதற்கு ஒரு தலைமுறை கழிய வேண்டியிருக்கலாம். சமையல் நூலில் உப்பின் அளவு பிசகினாலோ, அன்று மத்தியானமே வெளிப்பட்டுவிடும்.

நம் நாட்டில் இவ்விருவகை எழுத்தும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. அந்த இடம் கோயிற்சுவர். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட சாசனங்களைக் கேள்விப்படாதவர் இந்தச் சபையில் இருக்கமாட்டீர்கள்; குடவோலை, குடவோலை என்று மேடைதோறும் கேட்டு நம் காது பழகிப் போயிருக்கிறது. மேடையில் சொல்லப்படாமல் போவது, அச்சாசனத்தின் வாசகத்தில் உள்ள கணக்குப் புத்தி. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவனுக்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; அவன் தன் மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்; பிந்திய சாசனத்தின்படி 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும்; முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாமற் போனவனுக்கும், அவனைச் சேர்ந்த உறவினருக்கும் இடமில்லை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். நீதி இத்தகையது, தர்மம் அத்தகையது என்ற புகழுரை இல்லாமல், நிலம், வயது, கணக்கு என்று மூன்றையும் அளவோடு சொல்லிப் போகிறது அந்த வசனம். வேதப் பயிற்சியும் ஒரு தகுதியாக விதிக்கப்பட்ட பிரமதேய ஊர்ச் சபை அது. எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஆதி ஜனநாயகம் என்று முழங்குவது, சாசனம் செய்த காரியத்துக்கு நேர் விரோதமான காரியம். அது எழுதி வைத்த அளவை நாம் அழித்துவிடுகிறோம் என்பதே அதன் பொருள்.

இதற்குச் சில தலைமுறைகளுக்கு முன்னதாகப் பாண்டி நாட்டில், வரகுண மகாராஜன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு ஏற்படுத்திய நிபந்தத்தைச் சொல்லும் வட்டெழுத்துச் சாசனம் ஒன்று உண்டு. இளங்கோய்க்குடிச் சபையார் அரசனிடமிருந்து 290 காசு பெற்றுக்கொண்டு, முதல் அழியாதபடி, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பலிசையாக, 580 கலம் நெல் அளந்துவர உடன்பட்டார்கள். இது வரையில் ராஜாங்க வியவகாரம். இன்றைய பாஷையில் சொன்னால் முதலீடு, வட்டி, ஒப்பந்தம். அதே சாசனம், அதே நடையில், மூச்சு விடாமல் மடைப்பள்ளிக்குள்ளே நுழைந்து, அமுதுக்கு அரிசி, பசு நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறி வகைகள், அவற்றுக்கு இடவேண்டிய காயமாகிய மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றையும் எடுத்து அளவு சொல்லத் தொடங்குகிறது. அரசனுடைய பொன்னும், சபையாருடைய நெல்லும், பரிசாரகன் கையில் உள்ள மிளகும் ஒரே வாக்கியத் தொடரில் கட்டுண்டு நிற்கும் அந்த எழுத்தை எழுதியவருக்கு, ஒன்று உயர்ந்த விஷயம், மற்றொன்று தாழ்ந்த விஷயம் என்ற நினைவே எழுந்ததாகத் தெரியவில்லை. மிளகு குறைந்தால் நிபந்தம் குறைந்தது. நிபந்தம் குறைந்தால் சபையின் வாக்குக் குறைந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அரசியல்.

சுவடிகளின் உலகத்துக்கு வருவோம். ராஜநீதிக்குத் தலைமை நூலாகிய கௌடல்யரின் அர்த்த சாஸ்திரம் நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே வழங்கி வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அதன் ஏட்டுச் சுவடியை மைசூர் அரசாங்கக் கீழைக்கலை நூல்நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க, அங்கே பணிபுரிந்த சாம சாஸ்திரியார் 1905-இல் அதன் அருமையை உணர்ந்து, 1909-இல் மூலத்தை அச்சேற்றி, 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அவர்கள் அதைத் தமிழாக்கித் தந்தார்கள். சுவடியைக் கொடுத்த அந்தத் தஞ்சாவூர்ப் பண்டிதரின் பெயர் வழக்கில் நிற்கவில்லை என்பது நமக்குக் கௌரவமான செய்தி அன்று.

அந்நூலை எடுத்தவர்கள் பலரும் ஒற்றர்களைப் பற்றிய பகுதிக்கும், மண்டலக் கொள்கைக்கும் நேரே போய்விடுகிறார்கள். சாமான்யமாக யாரும் தங்காத இடம், இரண்டாம் அதிகரணத்தில் களஞ்சிய அதிகாரியைப் பற்றிச் சொல்லும் அத்தியாயம். அங்கே கௌடல்யர், ராஜ்யத்தைக் கட்டி ஆளும் அதே குரலில், ஓர் ஆரியப் புருஷனுடைய ஒரு வேளை உணவுக்கு முனை முறியாத சுத்தமான அரிசி ஒரு பிரஸ்தம், பருப்புச் சாறு அதில் நாலில் ஒன்று, அந்தச் சாற்றில் பதினாறில் ஒரு பங்கு உப்பு, நாலில் ஒரு பங்கு நெய் அல்லது எண்ணெய் என்று விதிக்கிறார். இருபது பலம் மாமிசத்துக்கு எண்ணெய் அரைக் குடுபம், உப்பு ஒரு பலம், வெல்ல வகை ஒரு பலம், காரச் சரக்கு இரண்டு தரணம், தயிர் அரைப் பிரஸ்தம் என்று கணக்குக் கொடுக்கிறார். எந்தத் தானியம் வேகும்போது எத்தனை மடங்கு பொங்கும் என்றும் சொல்கிறார்: வரகு மும்மடங்கு, விரீகி என்னும் நெல்லரிசி நான்மடங்கு, சாலி என்னும் உயர்ந்த நெல்லரிசி ஐம்மடங்கு. பழைய அரிசிக்கு உலையில் தண்ணீர் கூட வைக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அசட்டையாகக் கேட்டவர்கள், ஒரு சாம்ராஜ்யத்தின் களஞ்சியம் அந்தப் பெருக்கத்தைக் கணக்கில் வைத்திருந்தது என்று அறிந்தால் சிறிது நிமிர்ந்து உட்காரக் கூடும். அடுப்பில் மிஞ்சிய கரியையும் நெல்லில் மிஞ்சிய உமியையும்கூட அவர் விடவில்லை. கொல்லருக்கும் சுவர் பூசுவோருக்கும் கொடுத்துவிடச் சொல்கிறார்.

அரசனுடைய மடைப்பள்ளி வேறு வகைக் கவலைக்கு இடம். அது காவல் மிகுந்த இடத்தில் இருக்க வேண்டும். சமைத்தவன் முதலில் சுவைத்துப் பார்க்க வேண்டும். அக்கினிக்கும் பறவைகளுக்கும் இட்ட பிறகே அரசன் உண்ண வேண்டும். விஷம் கலந்திருந்தால் நெருப்பு நீலமாய்ப் புகைந்து வெடிக்கும், சகோரத்தின் கண் நிறம் மாறும் என்றெல்லாம் எச்சரிக்கிறார். பறவை விஷயத்தில் அவர் சொல்வதை நம்பலாமா என்று பறவை சாஸ்திரிகள் தீர்மானிக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆடவனுக்கு விதித்த அளவில் முக்காற்பங்கே பெண்ணுக்கு என்றும், பாதி குழந்தைக்கு என்றும், கீழ்ப்பட்டோருக்குச் சாறும் நெய்யும் குறைவு என்றும் அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். அவர் காலத்துச் சமூகம் முழுவதும் அந்தப் பின்னங்களில் அடங்கிக் கிடக்கிறது. எல்லாரையும் தராதரம் அறிந்து போஷிக்க வேண்டும் என்று பொதுப்பட எழுதிவிட்டுப் போயிருந்தாரானால், நாம் தலையசைத்துவிட்டு அடுத்த ஏட்டைத் திருப்பியிருப்போம். அளவைச் சொன்னதனாலேயே, இத்தனை நூற்றாண்டு கழித்தும், வயலில் நாற்று நட்டுவிட்டு வருகிற ஒரு பெண் அவரை நிறுத்தி, என் கால் பங்கு எங்கே என்று கேட்க முடிகிறது. வழக்காட இடம் கொடுக்கும் எழுத்தே நேர்மையான எழுத்து என்பது என் துணிபு.

கலியாணி நகரத்திலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம், இந்த விஷயத்தில் ஓர் ஆச்சரியம். அத்தியாயம் இருபதாக ஐந்து பகுதிகள், ஆக நூறு அத்தியாயங்கள். ராஜ்யத்தை அடைவது எப்படி என்று தொடங்கி, அடைந்ததைக் காப்பது எப்படி என்று போய், மூன்றாம் பகுதியில் போகங்களைச் சொல்லுமிடத்தில் அன்னபோகம் என்று சமையலுக்கு வந்துவிடுகிறது. உளுந்தில் செய்த இட்டரிகை, தோசகம், வடகம் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. அந்த இட்டரிகையே நம் இட்டலியின் மூதாதை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சுட்ட எலியும் ஆமையும் அதே பந்தியில் உண்டு என்பதை, இட்டலியின் புராதனத்தைக் கொண்டாடுகிறவர்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

ஆனால் சோமேசுவரனுக்கு ஆள ஒரு நாடு இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜிக்கோ, 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு கோட்டையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஒரு லட்சம் வராகனுமே மிச்சம்; ராஜ்யம் கும்பெனியாரிடம் போய்விட்டது. படை நடத்தவும் வரி வாங்கவும் வேண்டாத அரசர் சுவடி சேர்த்தார், வைத்தியம் பார்த்தார், அச்சுக்கூடம் வைத்தார்; அவருடைய அரண்மனைப் பாகசாலைகளின் செய்முறைகளும் எழுதி வைக்கப்பட்டன. சரபேந்திர பாகசாஸ்திரம் என்று சரசுவதி மகாலிலிருந்து வெளிவந்திருக்கும் அந்தத் தொகுதியில் மராட்டியச் சமையலோடு ஆங்கிலேயர் சமையலும் இடம் பெற்றிருக்கிறது. தஞ்சை அரண்மனையில் எவருடைய நாக்குக்குப் பரிமாற வேண்டியிருந்தது என்பதை அந்த ஒரு சேர்க்கையே சொல்லிவிடுகிறது. அந்த உடன்படிக்கையின் ஷரத்துகளை வாசித்து அறிந்துகொள்வதைவிட இது எனக்கு விரைவாக விளங்கிற்று.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்வது முறையன்று. வியாபாரியும், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சு துரையிடம் துபாஷாய் இருந்தவருமான அவர், 1736 முதல் 1761 வரையில், தம் மரணத்துக்குச் சில நாள் முன்பு வரைக்கும் எழுதி வந்த அந்தக் குறிப்புகளில், 1746-இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும் இருக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், சரக்கு என்ன விலை போயிற்று என்பதும் இருக்கிறது. பீரங்கிகளை எண்ணி எண்ணி எழுதுகிறாரே, வேறு வேலையில்லையா என்று கேட்டவர் உண்டு. யாருக்கு எத்தனை பீரங்கி என்பதே அக்காலத்தில் மரியாதையின் படிக்கட்டு. நாளை அது ஒன்று குறைந்தால் ராஜதந்திரம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வியாபாரியின் பழக்கம் சரித்திரத்துக்கு உபகாரமாயிற்று.

இனி, நம் காலத்துக்கு வருகிறேன். பாகசாஸ்திர நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழில் அச்சேறத் தொடங்கிவிட்டன என்றாலும், தமிழ்நாட்டு வீடுகளில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்த நூல், மீனாட்சி அம்மாள் அவர்கள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'தான். இளமையிலேயே கணவரை இழந்து, குடும்ப பாரத்தைத் தாங்கிய அவர், கைப்பக்குவத்தில் பேர் பெற்றவர். வெளியூரில் குடியேறிய உறவுப் பெண்கள் அது எப்படிச் செய்வது, இது எப்படிச் செய்வது என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு, அவருடைய உறவினரும் சென்னையில் பிரபலமாய் இருந்தவருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள், இதையெல்லாம் நூலாக எழுது என்று ஊக்கினார்கள் என்பது வரலாறு. மூன்று பாகங்களாக விரிந்த அந்நூல், பிற்பாடு ஆங்கிலத்திலும் போய்க் கடல் கடந்தது.

அந்தக் கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் ரயில்வேயிலும் பாங்குகளிலும் வேலை கிடைத்துப் போன வாலிபர்கள், கலியாணமான மறுமாதமே மனைவியை அழைத்துக்கொண்டு போய் இரண்டு அறை வீட்டில் குடித்தனம் வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மாமியாரின் அதிகாரத்திலிருந்து விடுதலை கிடைத்தது. அதே வேகத்தில் மாமியாரின் கைப்பக்குவத்திலிருந்தும் விடுதலை கிடைத்துவிட்டது. கூட்டுக் குடும்பத்து அடுக்களையில் அளவு என்பது வாயால் சொல்லப்படுவது அன்று. புளி கொட்டைப்பாக்களவு, உப்பு கை நிதானம், தாளிப்பதற்கு எண்ணெய் இவ்வளவு என்று கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுவது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். ஆயிரம் மைல் தாண்டிவிட்ட பிறகு அந்தக் கையை எப்படித் தபாலில் அனுப்புவது? மீனாட்சி அம்மாள் செய்த காரியத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது. கையில் இருந்ததை வீசை, பலம், ஆழாக்கு என்ற எண்ணில் ஏற்றினார். எத்தனை பேருக்கு, எவ்வளவு துவரம் பருப்பு, எவ்வளவு புளி, எதை முதலில் வறுப்பது, எது வாசனை வந்ததும் இறக்குவது, எப்போது பெருங்காயம் என்று படிப்படியாகச் சொல்லி, அடுப்பங்கரையையே பார்த்திராத பெண்ணும் தானே செய்துகொள்ளும்படி ஒரு வசன நடையை உண்டாக்கினார். மிகையான அடைமொழி கிடையாது. நாவில் நீர் ஊறும் வருணனை கிடையாது. வினைச்சொற்கள் வரிசையாக நின்று வேலை செய்கின்றன. தமிழ் வசனத்தின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆறுமுக நாவலரைச் சொல்கிறார்கள், பாரதியாரைச் சொல்கிறார்கள், திரு. வி. க.வைச் சொல்கிறார்கள், எல்லாம் தகும். இந்த அம்மையாரைச் சொல்லாமல் விடுவதற்கு, அவர் எழுதியது சாம்பார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

கௌடல்யருடைய களஞ்சியத்தில் உப்பையும் வெல்லத்தையும் நிறுத்த பலம், மீனாட்சி அம்மாளுடைய அடுக்களையிலும் பலமாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே எடை என்று சாதிக்க நான் துணியவில்லை. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. சென்னை ராஜதானியில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. மரக்காலோ ஊருக்கு ஊர் வேறு. எது எப்படியானாலும், அர்த்த சாஸ்திரத்தைக் கையில் எடுத்த ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு பலம் என்றால் என்ன என்று சந்தேகம் வந்தால், விடை அவர் வீட்டுச் சமையலறையில் நெடுநாள் இருந்தது. அகராதியைத் தேடி அவர் வெளியே போகத் தேவை இருக்கவில்லை.

அரசியல் நூல்களைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லுகிறேன், ஆனால் மனத்தாங்கலோடு. தமிழில் அரசியல் எழுத்து மேடையில் பிறந்தது. கேட்பவர்களை எழுப்ப வேண்டிய காலத்தில் அது எழுப்பிற்று. அதன் சேவையை மறப்பது நன்றியன்று. அச்சில் ஏறிய பிறகும் அது மேடையை விட்டு இறங்கவில்லை என்பதே என் குறை. மக்கள் வெள்ளம் திரண்டது என்று எழுதுவார்கள், எத்தனை பேர் என்று எழுதமாட்டார்கள். அநீதியான வரி என்பார்கள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பது அடுத்த பக்கத்திலும் இராது. வரலாறு காணாத என்ற அடைமொழியைப் போட்டுவிட்டால் வரலாற்றைப் பார்க்க வேண்டிய சிரமம் தீர்ந்துவிடுகிறது. இப்படி ஒரு சமையல் நூல் எழுதி, தேவையான அளவு உப்பைத் தக்க தருணத்தில் உணர்ச்சியோடு சேர்க்கவும் என்று சொன்னால், அந்த ஆசிரியரை எந்த வீட்டிலும் இரண்டாம் முறை உள்ளே விடமாட்டார்கள்.

இதற்கு விலக்காய் நின்றவர் வெ. சாமிநாத சர்மா அவர்கள். 1895-இல் பிறந்து, திரு. வி. க. அவர்களின் பத்திரிகைகளில் பழகி, 1932 முதல் பத்தாண்டு ரங்கூனில் வாசம் செய்து, அங்கே 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகையை நடத்திய அவர், பிளேட்டோவின் அரசியலைத் தமிழாக்கினார். காரல் மார்க்ஸ் முதலியோரின் வாழ்க்கையை எழுதினார். அன்று உலகத்தில் எந்த நாட்டில் என்ன கலவரம் நடந்தாலும், அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ளத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவனுக்கு அவர் நூலே கதியாய் இருந்தது. கனல் தெறிக்க எழுத அவருக்கு எத்தனையோ சந்தர்ப்பம். அவரோ, எந்த ஆண்டில் எந்த ஒப்பந்தம், யார் கையெழுத்திட்டார்கள், எந்த நதி எல்லை என்பதை அமைதியாகச் சொல்லி, முடிவை வாசகனிடம் விட்டார். 1942-இல் ஜப்பானியர் குண்டுகளுக்குத் தப்பி பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தவர்களுள் அவரும் அவர் மனைவியாரும் இருந்தார்கள். அந்தப் பயணத்தைச் சொல்லும் அவருடைய நூலில், உலக யுத்தத்தின் பெரும் பெயர்கள் பின்னே போய், அடுத்த முகாம் எவ்வளவு தூரம், அங்கே தண்ணீர் உண்டா, சமைக்க இடம் உண்டா என்ற கேள்விகளே முன்னுக்கு வருகின்றன. ராஜ்யங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதிய பேனா அரிசிக்கும் அடுப்புக்கும் இறங்கியபோது அதன் நடை சற்றும் மாறவில்லை. மாற வேண்டிய அவசியம் அந்த நடைக்கு இருக்கவில்லை.

அடுக்களையின் அளவு அரசாங்கத்தையே அளந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்துக்கொள்ள எண்ணுகிறேன். பாராளுமன்றம் 1956-இல் எடை அளவுச் சட்டம் செய்து, மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 1957 ஏப்ரலில் அணாவும் தம்படியும் போய் நயா பைசா வந்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் வீசையும் பலமும் படியும் சட்டத்தின் கண்ணில் இறந்துபோயின. ஆனால் 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், அரிசிப் பஞ்சத்தில் ஜனங்கள் வாடியிருந்த சமயம், திராவிட முன்னேற்றக் கழகத்தார் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். ரூபாய்க்கு இத்தனை கிலோகிராம் என்று சொல்லவில்லை பாருங்கள். சர்க்கார் கிலோவுக்கு மாறிவிட்டது. உலை வைக்கிறவள் மாறவில்லை. எவளுடைய வாக்கு வேண்டுமோ அவளுடைய அளவில் பேசத் தெரிந்தவர்களுக்கு ஆட்சி கிடைத்தது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று போட்டார்கள். அதற்கு மேல் கஜானா இடம் கொடுக்கவில்லை. நம் மேடைகளில் அபூர்வமாக அளவு சொல்லப்பட்ட ஒரு வாக்குறுதி அது. அதனால்தான் நிச்சயம் எவ்வளவு நிறைவேறிற்று, லட்சியம் எவ்வளவு நின்றுபோயிற்று என்று பாமர ஜனங்களே கணக்குப் பார்க்க முடிந்தது. அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் மொழிப் போராட்டத்தை விரிவாக எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். படியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, காரியதரிசி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இங்கே வருவதற்கு முன் உங்கள் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தேன். பழைய அளவில் அச்சான 'சமைத்துப் பார்' பிரதி ஒன்று, முதுகு கிழிந்து, மஞ்சள் கறையோடு, கழிவுக்கு ஒதுக்கிய கட்டில் கிடக்கிறது. கிராமில் அளவு போட்ட புதிய பதிப்பு வந்துவிட்டதால் இது வேண்டாம் என்று ஒதுக்கியதாகச் சொன்னார்கள். அதன் ஓரங்களில் பென்சிலால், புளி பாதி போதும் என்றும், எட்டுப் பேருக்குக் காணவில்லை என்றும், வெவ்வேறு கையெழுத்துகளில் வாசகிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அரசியல் பகுதியில் பல நூல்களைப் புரட்டினேன். ஓரத்தில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, சில நூல்களின் தாளே இன்னும் வெட்டப்படவில்லை. அந்தக் கிழிந்த பிரதியைக் கட்டிலிருந்து எடுத்து, ஓரங்களை வெட்டிவிடாதபடி ஜாக்கிரதையாகப் பைண்டு செய்து, புதிய பதிப்புக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். பைண்டு செலவு என்னுடையது.